மூன்று உலகங்களும் ஓர் இரும்புப் பீரோவும்

1

நான் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து இரண்டு வருடம் முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. "எல்லாரும் இந்தியாவிலேருந்து இங்க வேலைக்கு வர்றான், உங்க மகன் மட்டும் இங்கேருந்து அங்க போயிருக்கானா?" என்று மலேசியாவில் எங்கள் அடுக்குமாடியின் எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் இன்னமும் கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். கொள்ளுத்தாத்தா கப்பலேறி விட்டுவந்த நாட்டுக்கு நான் விமானம் ஏறி வந்து, இங்குள்ள பதிவு அலுவலகத்தில் 'வெளிநாட்டவர்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பதிவு அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பாதி விளங்கிவிடும். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "தமிழ் நல்லா பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். வீட்டில் என்றேன். "பூர்வீகம் எந்த ஊரு?" கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டம் என்றேன். "அது இல்லப்பா, பூர்வீகம்." தெரியாதுங்க என்றேன். பேருந்தில் பணப்பையைப் பறிகொடுத்து வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

பினாங்கில் நான் வேலை செய்த ஆலை, கைப்பேசிகளுக்கு மேல்மூடி வார்க்கும் ஆலை. அதன் கிளையை இங்கே திறந்தபோது, இயந்திரங்களோடு சேர்த்து என்னையும் அனுப்பினார்கள். இங்குள்ள பையன்களுக்கு அச்சு மாற்றக் கற்றுக்கொடுப்பது என் வேலை. நாளெல்லாம் கைப்பேசி மூடியாகச் செய்து குவிக்கும் அந்தப் பையன்கள், ஊருக்குப் பேச வேண்டுமென்றால் எஸ்.டி.டி. பூத்தில் போய் வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டு வருடம் முடிந்த அன்று, ஆலையின் ஹெச்.ஆர். சார் என்னைக் கூப்பிட்டு ஒரு பேனாவும் ஒரு ரோஜாப்பூவும் கொடுத்தார். இங்கே அது வழக்கம். கூடவே, "உங்க பாஸ்போர்ட் பத்திரமா பீரோவுல இருக்கு தம்பி, விசா எல்லாம் நாங்க பாத்துக்குறோம், கவலையே படாதீங்க" என்றார். வந்த முதல் வாரம் பதிவுக்கென்று வாங்கிக்கொண்ட கடப்பிதழ், அன்று முதல் அவர் அறையின் இரும்புப் பீரோவில்தான் இருந்தது. நான் கவலைப்படவில்லை. கவலைப்படாதே என்று யாராவது சொன்னால் கவலைப்படாமல் இருக்கும் வளர்ப்பு எனக்கு. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொன்னால் அப்பா கவலைப்பட மாட்டார்.

2

வரும்போது என் பெட்டியில் துணியைவிடப் புத்தகம் அதிகம். சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே ஒரு துணிப்பை. பைக்குள் பகடைகள். நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம்.

"இது என்ன, சூதாட்டமா?"

"இல்லீங்க. கதை சொல்ற ஆட்டம்."

அவர் அடியிலிருந்த கெட்டி அட்டைப் புத்தகத்தை எடுத்து விரித்தார். பறவைநாகம் ஒன்று வாயிலிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் மந்திரவாதி. அதற்கடுத்ததில் எலும்புக்கூடு. "மாந்திரீகமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சூதாட்டக்காரனிடம் காட்டிய கடுமை இப்போது இல்லை. யாருக்குத் தெரியும், நாளைக்கு உதவலாம் என்று நினைத்திருப்பார். பெட்டியை மூடி அனுப்பிவிட்டார்.

உங்களில் பலருக்கும் இந்த ஆட்டம் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், திருடன், வைத்தியன், இப்படி. கதை நடத்துபவர், "முன்னால் ஒரு கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்பார். உடைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது உடையுமா என்பதைப் பகடை சொல்லும். பலகை கிடையாது, காய் கிடையாது. வாரக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் ஒரே கதை ஓடும்.

அந்தக் கதை எந்த உலகத்தில் நடக்கிறது என்பதை நாமே கற்பனை செய்துகொள்ளலாம். அது முடியாதவர்களுக்காக உலகத்தை எழுதி, அச்சிட்டு, கடையில் விற்கிறார்கள். மலை, ஆறு, ராஜாக்கள், சாமிகள், சந்தையில் வெங்காயம் என்ன விலை என்பதுவரை அதில் இருக்கும். பாலிடெக்னிக் விடுதியில் என் அறைத் தோழன் வெய் மிங் அப்படி மூன்று உலகங்கள் வைத்திருந்தான். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது பெட்டியில் எடை கூடிவிட்டதென்று மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டான். எனக்கு மிகவும் பொருத்தமான அன்பளிப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் நான்தான் படித்துச் சொல்வேன். நான் படித்ததுதான் வீட்டில் சட்டம். அதனால் அச்சில் இருப்பதை அப்படியே நம்பும் குணம் எனக்கு ஆழமாகப் படிந்துவிட்டது. சொந்தமாக உலகம் செய்வதா? அதற்கெல்லாம் யாரிடம் அனுமதி வாங்குவது?

3

கம்பெனி விருந்தினர் விடுதியில் பேச ஆளில்லை என்று, பென்னலூரில் கன்னியம்மா அக்கா வீட்டு மாடியறைக்குக் குடிவந்தேன். அவர்களுடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த தொகையில் மாடியில் ஓர் அறையும், பின்னால் வரிசையாக நான்கு அறைகளும் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அவருடைய தம்பி டில்லிபாபு எங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் உணவுக்கூடம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் அவர்களுடைய கிணற்றடி. "எங்க நெலத்துலயே தட்டு எடுத்துகினு லைன்ல நிக்கறேன் பாரு தலைவா" என்று தினமும் சிரித்துக்கொண்டே சொல்வான்.

பின்வரிசை அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்தவன் இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. படித்தவன், அவனும் ஒப்பந்தம்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பதால் நான் அவனுக்கு அண்ணாச்சி. டில்லிக்கு நான் தலைவா, அல்லது வெறும் மலேசியா. வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் மாடிக்கு வருவார்கள்.

முதல் நாள் பகடை உருட்டிய சத்தத்துக்கே கன்னியம்மா அக்கா படியேறி வந்துவிட்டார். "இன்னா தம்பி, தாயக்கட்ட சத்தம் கேக்குது? நம்ம வூட்ல சீட்டு, சூது எதுவும் கூடாதுன்னு அட்வான்ஸ் வாங்க சொல்லோவே சொன்னேனா இல்லியா?"

"காசு வைக்கலக்கா. பூதத்தோட சண்டை போடுற கதை. பசியாறிட்டீங்களா?"

"பசியாறிட்டீங்களாவாம்! மூணு மணிக்கி வந்து டிபன் சாப்ட்டியான்னு கேக்குது பாரு இது" என்று சிரித்தார். ஆனால் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார். அன்றிலிருந்து அது அவருடைய இடம்.

பாத்திரம் உருவாக்கும் தாளில் 'இனம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மனிதன், குள்ளன், நீள்காதன் என்று படித்துச் சொன்னேன். டில்லி யோசித்தான். "இதுல எது பி.சி., எது எம்.பி.சி.?" இசக்கி, குள்ளர்கள் மலைக்குள் சுரங்கம் வெட்டுவார்கள் என்று கேட்டதும், "குவாரி வேலயா? நமக்கு அது தெரியும்" என்று குள்ளனானான்.

பெரிய உலகத்தில் இறங்குமுன் ஒரு சின்னச் சோதனை ஆட்டம் நடத்தினேன். பாழடைந்த கோட்டை. உள்ளே ரத்தினம்.

"கோட்டை வாசல்ல ரெண்டு பூதம் நிக்குது. கையில ஈட்டி. என்ன செய்றீங்க?"

இசக்கி டில்லியைப் பார்த்தான். டில்லி இசக்கியைப் பார்த்தான்.

"லைன்ல நிப்போம்" என்றான் டில்லி.

"லைனா? அங்க லைனே இல்லலா. சண்டை போடலாம். உன் கையில வாள் இருக்கு."

"செக்யூரிட்டியாண்ட சண்ட போட்டா நாளைக்கி எவன் உள்ள வுடுவான்? உனுக்கு இன்னா, நீ கம்பெனி ஸ்டாப்பு."

இசக்கி கையைத் தூக்கினான். "உள்ள காண்ட்ராக்ட் எடுத்திருக்கது யாரு அண்ணாச்சி?"

"கோட்டையிலயா?"

"இம்புட்டுப் பெரிய கோட்டய கூட்டிப் பெருக்க ஆள் இல்லாமலா இருக்கும்? அந்தக் காண்ட்ராக்டர் பேரச் சொன்னா விட்ருவான்லா?"

பூதங்கள் விட்டுவிட்டன. நான் என்ன செய்யட்டும், பகடை அப்படி விழுந்தது. கையில் துடைப்பத்தோடு உள்ளே போனார்கள். இரவுக் காவலை ஏ, பி, சி ஷிப்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ரத்தினத்தையும் கண்டுபிடித்தார்கள். ஆனால் வெளியே போகும்போது வாசலில் தடவிப் பார்ப்பார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்து, ரத்தினத்தைத் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்கள். வெற்றி பெற்றவர்களுக்கு எவ்வளவு புள்ளி, தோற்றவர்களுக்கு என்ன என்று என் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. துடைத்து வைத்துவிட்டு வந்தவர்களுக்கு ஒன்றுமே போடவில்லை.

4

அடுத்த ஞாயிறு உலகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாள். பாயில் மூன்று புத்தகங்களையும் பரப்பினேன். ஒரு தரகருக்கு உண்டான ஆர்வத்தோடு ஒவ்வொன்றாக விளக்கினேன்.

முதல் உலகம், பனிமலை ராஜ்யங்கள். இதுதான் எல்லாரும் ஆடுவது. நாற்பது சாமிகள், பதினெட்டு ராஜ்யங்கள். பின்னட்டையில் மடித்து ஒட்டியிருந்த வரைபடத்தை விரித்ததும் அறை பாதி மறைந்தது. டில்லி அதன்மேல் குனிந்தான். வரைபடம் முழுக்கத் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்.

"இன்னாத்துக்கு காட்டுக்கெல்லாம் நம்பர் போட்டுக் கீறான்?"

"தூரம் கணக்குப் பார்க்க."

"தூரமா! எங்களுக்கும் அப்டித்தான் சொன்னாங்கோ. நம்பர் போட்டாச்சுன்னா அப்பால கல்லு நடுவான், அப்பால ஜீப்புல வருவான். இந்த ஊரு வாணாம் தலைவா. இது போகப்போற ஊரு."

"குளிரு வேற" என்றான் இசக்கி. தீர்ந்தது.

இரண்டாம் உலகம், கீழ்த்திசை நாடுகள். இதில் நம்மைப் போன்ற ஒரு தேசமும் உண்டு என்று ஆசையாகச் சொன்னேன். அட்டைப் படத்தில் யானைமேல் ஒரு ராஜா, கீழே மகுடி ஊதுபவன், கயிற்றில் ஏறி மறைகிறவன், ஆறு கையுள்ள பெண். டில்லி நெடுநேரம் பார்த்தான். "இத எழுதுனவன் நம்மள எங்க பாத்தான்?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டான். மலேசியாவில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, இந்தியா அப்படித்தான் இருக்கும் போலும் என்று நானும் கொஞ்சம் நம்பியிருந்தேன்.

மூன்றாவது பாலைவன உலகம். மழை கிடையாது. ஆறு எல்லாம் கதைகளில்தான். தண்ணீர் வைத்திருப்பவனே அங்கே ராஜா.

வாசற்படியிலிருந்து கேள்வி வந்தது. "தண்ணி எங்க புடிப்பாங்க?"

"ராஜாவோட ஆளுங்க தோல்பையில கொண்டு வந்து அளந்து குடுப்பாங்கக்கா."

"எந்தக் கெழம வரும்?"

புத்தகத்தைப் புரட்டினேன். கிழமை போடவில்லை. "கெழம தெரியாம எப்டி கொடத்த வரிசையில வெக்கறது? இன்னா புக்கு எழுதிக் கீறான்" என்றார் கன்னியம்மா அக்கா. ஆனால் கீரையைக் கீழே வைத்துவிட்டார் என்பதைக் கவனித்தேன்.

இவர்கள் உலகத்தை ரசிப்பதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடிபோக ஓர் இடம் பார்த்தார்கள். விடுதி பார்ப்பது போல, வேலை பார்ப்பது போல. வெய் மிங்கும் நானும் எந்த உலகத்தில் பறவைநாகம் பெரியது என்று மட்டும்தான் கேட்டோம்.

5

இசக்கி அன்று எதையும் சரியாகக் கேட்கவில்லை. மூன்றில் எதுவும் முடிவாகாமல் போனதும், சட்டைப் பையிலிருந்து மடித்த வழவழப்புத் தாள் ஒன்றை எடுத்து, மூன்று புத்தகங்களுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தான்.

"இது எப்படின்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

கோலாலம்பூரின் கோபுரங்கள். நீல வானம். கீழே தொப்பியணிந்த ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டே பெட்டி தூக்கினான். 'மலேசியாவில் வேலை, தங்குமிடம் இலவசம்.' வேலை நடக்கும் இடத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அந்த வட்டாரம் எனக்குத் தெரியும். கோபுரங்களிலிருந்து பேருந்தில் ஒரு பகல் தூரம். அங்கே இருப்பது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் மட்டும்தான்.

அவனுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நிரந்தரம் ஆக்க வேண்டிய நாள் நெருங்கும்போது ஆளை மாற்றிவிடுவது இங்கே ஒப்பந்தக்காரர்களின் பழக்கம். சென்னையில் இருக்கும் ஏஜெண்ட், அடுத்த வாரத்துக்குள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். புதுப் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தான். கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அதை என்னிடம் கேட்டான், நான் அந்த நாட்டுக்காரன் என்பதால்.

என்ன சொல்வேன்? போகாதே என்றால், தான் மட்டும் சுகமாக இருந்துவிட்டு அடுத்தவனைத் தடுக்கிறான் என்றாகும். போ என்றால், என் அப்பா விட்டு வந்த வேலைக்கு இவனை அனுப்புகிறேன். எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, ரப்பர் பால்மரங்கள் சாய்ந்து, வீட்டுமனைகள் ஆகி, நாங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குத் துரத்தப்பட்ட கதையை இவனிடம் சொன்னால், "அப்பம் அங்கயும் பென்னலூர்தானா?" என்பான்.

அந்த வாரம் மலேசியாவுக்கு, வீட்டுக்குப் பேசியபோது என் அக்கா மகள் தொலைபேசியைப் பிடுங்கினாள். சீனப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எண்களை மாண்டரினில்தான் எண்ணுவாள். "மாமா, அங்க எல்லாருமே தமிழா? டீச்சரு? போலீஸு? பஸ் அங்கிளு?" எல்லாருமே என்றேன். "அப்ப ரகசியம்லாம் எந்த பாஷையில பேசுவீங்க?"

இசக்கி கேட்டதற்கும் என்னிடம் பாஷை இல்லாமல்தான் இருந்தது. அவனே வழி சொன்னான்.

"வாயால சொல்லாண்டாம் அண்ணாச்சி. ஆடிக் காட்டுங்க. நான் போயி எறங்குதேன். என்ன நடக்குன்னு பாப்போம்."

6

சொந்தமாக உலகம் செய்யப் பயந்தவன் மறு ஞாயிறு மலேசியாவை நடத்தினேன். வரைபடம் இல்லை, விலைப்பட்டியல் இல்லை. இசக்கியின் பாத்திரத்தின் பெயர் இசக்கி. டில்லி, "நானும் கூட வரேன், இவன் தனியா மாட்டிப்பான்" என்று தன் பேரிலேயே சேர்ந்துகொண்டான்.

விமான நிலையத்தில் குடிநுழைவு வரிசையைத் தாண்டினார்கள். வரிசையில் நிற்பதில் அவர்களை யாரும் வெல்ல முடியாது. வெளியே வேன் நின்றது.

"வேன் பக்கத்துல ஒரு மண்டோர், அதான் கங்காணி, நிக்கிறார். 'பாஸ்போர்ட்டெல்லாம் குடுங்கடா, ஆபீஸ்ல பத்திரமா இருக்கும், கவலைப்படாதீங்க'ங்கிறார்."

"மத்தவங்க குடுக்காங்களா?"

"எல்லாரும் குடுக்கிறாங்க."

"குடுத்தா எங்கன வைப்பாரு?"

"இரும்புப் பீரோவுல." என் வாயிலிருந்து தானாகவே வந்தது.

இசக்கி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு தலையைத் தூக்கினான். "கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பாஸ்போர்ட் இப்பம் எங்க இருக்கு அண்ணாச்சி?"

"ஆபீஸ்ல."

"பீரோவுலயா?"

"ஆமா."

டில்லி பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். "அடப்பாவி! ரெண்டு வருசமாவா? இவரு கத சொல்றாராம், இவரே பீரோவுல கீறாரு!"

"சிரிக்காதடா" என்றார் படியிலிருந்து கன்னியம்மா அக்கா. "புள்ள மொகம் சுண்டிப்போச்சு பாரு. நீ உருட்டுடா இசக்கி."

கொடுக்காமல் தப்பிக்க என்ன விழ வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும். பதினெட்டுக்கு மேல் என்றேன். விழுந்தது மூன்று. பாஸ்போர்ட் பீரோவுக்குள் போனது.

அதற்குப் பிறகு அந்த மத்தியானம் முழுக்க இசக்கி பணம் சம்பாதிக்க முயலவில்லை, கோபுரம் பார்க்கப் போகவில்லை. செம்பனைக் குலையை வெட்டினான், தூக்கினான், மிச்ச நேரமெல்லாம் பீரோவையே சுற்றிவந்தான். மண்டோருக்கு மீன் பிடித்துக் கொடுத்தான். என்னிடம் மலாய் வார்த்தைகள் கேட்டு எழுதிக்கொண்டான். சாவியைத் திருடப் போய் நாய் துரத்தியது. ஒவ்வொன்றுக்கும் பகடை காலை வாரியது.

கடைசியில் டில்லிதான் எழுந்து உட்கார்ந்தான். "டேய், ஆடிட்டு வரட்டும்டா."

"செம்பனைத் தோட்டத்துல ஏதுலா ஆடிட்டு?" என்றேன்.

"எண்ணெய வாங்கறவன் ஒருத்தன் இருப்பான் இல்ல, வெளிநாட்டுக்காரன்? நம்ம கம்பெனிக்கி வர்றா மாரி அவனும் வருவான். அவன் வர்ற அன்னிக்கி இன்னா நடக்கும்? சொவுருக்கு பெயிண்ட்டு. கக்கூசுல சோப்பு. அன்னிக்கி ஒரு நாளு எல்லாம் அவன் அவன் கையில இருக்கும். மண்டோரே குடுப்பான் பாரு, 'கேட்டா காட்டுங்கடா'ன்னு."

"செரி, பொறவு சாய்ங்காலம் திருப்பிக் கேப்பான்லா?"

"கேப்பான். 'ரூம்ல கீது சார், நாளைக்கி தரேன்'னு சொல்லு."

"நாளைக்குக் கேட்டா?"

"நாளைக்கினா நாளைக்கிதான்டா. நம்ம காண்ட்ராக்டரு பர்மனென்ட்டு லெட்டர எப்ப தரேன்னு சொல்றான்?"

இதை எப்படி மறுப்பது? வருடத்துக்கு இரண்டு முறை, எங்கள் ஆலையில் நானே பார்த்ததுதான். தோட்டத்துக்கு ஆடிட்டரை வரவழைத்தேன். இசக்கி உருட்டினான். பதினாறு. மண்டோர் பீரோவைத் திறந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். மாலையில் திரும்பக் கேட்டார். "நாளைக்கி தாரேன்யா" என்றான் இசக்கி, மிகப் பணிவாக. மறுநாளும் கேட்டார். நாளைக்கு. நாளைக்கு என்று எத்தனை முறை சொல்லலாம் என்பதற்கு என் விதிப்புத்தகத்தில் வரம்பில்லை.

"சரி, கையில கிடைச்சாச்சு. இப்ப எங்க போற?" என்றேன். கதை நடத்துபவன் கேட்க வேண்டிய கேள்வி.

"எங்கயும் போகல அண்ணாச்சி. கையில இருக்கட்டும்."

7

அந்த வாரமே இசக்கி சென்னைக்குப் போனான். ஏஜெண்ட் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, கையை நீட்டியிருக்கிறார். இவன் உறையை மடியில் வைத்துக்கொண்டு, "அங்க போன பொறவு இது யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டிருக்கிறான். பத்திரமாக ஆபீசில் இருக்கும் என்றாராம். "பீரோவுலயா?" என்றிருக்கிறான். ஆமாம், அதற்கென்ன என்றாராம். அந்த வட்டாரத்தில் கோபுரம் ஏது, செம்பனைதானே என்று அடுத்த கேள்வி. குலை என்ன எடை இருக்கும் என்று மலாயில் ஒரு கேள்வி. ஏஜெண்ட் குளிர்பானத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "இவ்ளோ விவரம் கேக்குற ஆளு அங்க செட் ஆகாதுப்பா, அடுத்த பேட்ச்ல பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா, எனக்குத் தெரியாது. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. இசக்கி ஒரு மாதம் சும்மா இருந்தான். அந்த ஒரு மாதமும் மாடிப்படியில் அவன் காலடி கேட்டால் நான் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். பிறகு ஒரகடத்தில் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து, படப்பையில் அறை எடுத்துப் போய்விட்டான். அதே வேலை, வேறு நிறச் சட்டை.

சென்ற வாரம் எங்கள் ஆலைக்கு மூடி வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தார்கள். சுவரெல்லாம் பெயிண்ட் நாற்றம். காலையில் ஹெச்.ஆர். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பீரோவைத் திறந்து, கடப்பிதழைக் கையில் கொடுத்தார். "வெளிநாட்டு ஸ்டாப் டாக்குமெண்ட் அவங்க கையிலயே இருக்கான்னு கேப்பாங்களாம். இன்னைக்கு மட்டும் வெச்சிருங்க தம்பி." யாரும் கேட்கவில்லை. நாள் முழுக்க அது என் சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. அச்சு மாற்றும் இடத்தில் டில்லி என்னைக் கடந்து போகும்போது பையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

மாலையில் சார் கையை நீட்டினார். தோட்டத்துப் பிள்ளை நான். பெரியவர்கள் நீட்டிய கைக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை.

"ரூம்ல வெச்சிட்டேன் சார். நாளைக்குக் கொண்டு வரேன்" என்றேன். பையில் அது கனத்தது.

நேற்று ஞாயிறு. இசக்கி படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்து சேர்ந்தான். உலகத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. பாலைவனம். முடிவு செய்தவர் கன்னியம்மா அக்கா. படியிலிருந்து எழுந்து வந்து பாயில் உட்கார்ந்து, "எனுக்கும் ஒரு ஆளு எழுது தம்பி. தண்ணிக்கி நான் இருக்கேன். கெழம போடாத ராஜாவ நான் பாத்துக்கறேன்" என்றார். எந்தப் பறவைநாகத்துக்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை.

இசக்கியிடம் புதுத் தாளை நீட்டினேன். வேண்டாம் என்று, தன் பழைய தாளையே எடுத்தான். மலேசியாவில் ஆடியது. வேர்வையில் ஓரம் மங்கியிருந்தது.

"அதே ஆளா? எந்த ஊர்லேருந்து வர்றான்னு போடட்டும்?"

"மலேசியாவுல இருந்து வந்தவன்னு போடுங்க."

பாலைவனத்தில் ஆளுக்கு என்னென்ன கொண்டு போகிறீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். தோல்பை, கயிறு, கத்தி, குடை என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். "அப்பறம் பாஸ்போர்ட்டு" என்றான்.

டில்லி சிரித்தான். "பாலைவனத்துல எவன்டா அத கேக்கப் போறான்?"

"எவனும் கேக்காண்டாம். நீங்க எழுதுங்க அண்ணாச்சி."

எழுதினேன். என்னுடையது, பாயில் விரித்திருந்த பாலைவனப் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. இன்று காலையும் சார் கேட்டார். நாளைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.